15 வாட் ஆம்பும் கீழ்வீட்டுக் கைக்குழந்தையும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கதவு தட்டியது எனக்குக் கேட்கவே இல்லை. எலெக்ட்ரிக் கித்தாரில் வாசித்த நோட் ஓய்ந்த பிறகுதான் காதில் விழுந்தது. திறந்தால் கீழ்வீட்டு அக்கா, தோளில் நாலு மாதக் குழந்தை. கோபம் இல்லை, முகமெல்லாம் களைப்பு. "தம்பி, இப்பத்தான் தூங்க வச்சேன். எங்க வீட்டு ஜன்னலே அதிருதுப்பா" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியபோது எனக்கு மனசே சரியில்லை. குழந்தை இருக்கும் வீடு என்று தெரிந்தும் வாசித்திருக்கிறேன்.

அதன் பிறகு ஆறு மாதம் அட்டென்யுவேட்டர், அதாவது ஆம்பின் சத்தத்தை அடக்கும் பெட்டி, தேடினேன். என்னிடம் இருப்பது ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் என்ற 15 வாட் ஆம்ப், கித்தார் சத்தத்தைப் பெருக்கும் கருவி. வீடு சென்னை நங்கநல்லூரில் மூன்றாவது மாடி. "விலை குறைவாக எது கிடைக்கும்" என்றுதான் எல்லோரையும் போல நானும் ஆரம்பித்தேன். இப்போது என் கருத்து இதுதான்: வீட்டுக்கு விலை குறைந்த அட்டென்யுவேட்டரே போதும். ஆனால் எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் என்று கணக்குப் போடாமல் வாங்கினால், மலிவானதும் வீண், விலை கூடியதும் வீண்.

முதலில் கித்தார் வாசிக்காத நண்பர்களுக்கு. "சத்தம் அதிகம்னா குறைச்சு வைக்க வேண்டியதுதானே" என்று என் மனைவியும் கேட்டாள். நியாயமான கேள்வி. தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் இருந்த மாதிரியான கண்ணாடிக் குழாய்கள்தான் இந்த ஆம்புகளிலும் வேலை செய்கின்றன. என் ஆம்பின் கடைசிக் கட்டத்தில் இரண்டு இ.எல்.84 வால்வுகள். அவற்றுக்கு வேலை குறைவாக இருக்கும்வரை சத்தம் சுத்தமாக, கொஞ்சம் மெலிந்து வரும். அவற்றைத் திணற வைத்தால்தான் சத்தம் தடிக்கும். நோட்டின் முனை உருண்டு வரும். விரலை அழுத்தினால் கர்ஜிக்கும், மெல்லத் தொட்டால் அடங்கும். வால்யூமைக் குறைத்தால் முதலில் போவது இந்தக் குணம்தான். மாஸ்டர் வால்யூமை இறக்கிவிட்டு முன்கட்ட வால்வுகளை மட்டும் திணற வைக்கலாம். அதற்கும் ஓர் அழகு உண்டு, ஆனால் அது வேறு சத்தம்.

அட்டென்யுவேட்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருகிறது. ஆம்ப் முழு வேகத்தில் ஓடும். வருகிற சக்தியில் பெரும்பங்கை அந்தப் பெட்டி வெப்பமாக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். பழைய யோசனைதான். பாஸ்டன் என்ற ராக் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர், 1980களின் தொடக்கத்திலேயே பவர் சோக் என்ற பெயரில் இப்படி ஒரு பெட்டியை விற்றார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 12 அங்குல கித்தார் ஸ்பீக்கர் மிகக் கொஞ்சம் சக்தியிலேயே பெரும் சத்தம் போடும். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கர் விவரத்தாளில் 98 டெசிபல் என்று இருக்கும், அவர்களுடைய விண்டேஜ் 30 ஸ்பீக்கர் என்றால் 100. ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். 15 வாட் கொடுத்தால் அதற்கு மேல் இன்னொரு 12 டெசிபல். ஆக 110-ஐத் தொட்டுவிடுகிறோம். நீங்களும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல் சுமார்தான். நம் நாட்டின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55. இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45. அது வெளியே அளக்கும் சராசரி, அறைக்குள் அளப்பதோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் நாம் எவ்வளவு தூரம் இறங்க வேண்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இறங்குவது லேசில்லை. சக்தியைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் குறையும். பத்தில் ஒன்றாக்கினால் 10 டெசிபல், காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தம். நூற்றில் ஒன்றாக்கினால் 20. அதாவது 15 வாட்டில் 14.85 வாட்டை வெப்பமாக்கிய பிறகும் அறைக்குள் 90 டெசிபல் ஓடிக்கொண்டிருக்கும். ஆயிரத்தில் ஒன்றை, வெறும் 15 மில்லிவாட்டை, விட்டால்தான் 80-க்கு வரும். டி.வி. சத்தம் அதற்கும் கீழே.

இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் என் தேடல் ஒழுங்குக்கு வந்தது. "பேசாம 1 வாட் ஆம்ப் வாங்கிடுங்க" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். ஆம்ப் நிறுவனமான மார்ஷல் தன் 50-ம் ஆண்டை ஒட்டி 2012-ல் 1 வாட் ஆம்புகளை வெளியிட்டது, ஆசையான ஆம்புகள்தான். ஆனால் 15 வாட்டுக்கும் 1 வாட்டுக்கும் நடுவில் இருப்பது 12 டெசிபல். கீழ்வீட்டுக் குழந்தை அப்போதும் எழுந்துவிடும். அதே மாதிரி டூ நோட்ஸ் நிறுவனத்தின் கேப்டர் என்ற அட்டென்யுவேட்டர். நல்ல பெட்டி, உள்ளே ஸ்பீக்கரைப் போல நடந்துகொள்ளும் லோட் (ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பகுதி), பதிவு செய்ய நேரடி வெளியீடும் உண்டு. ஆனால் ஸ்பீக்கருக்கு அது குறைத்துத் தருவது 20 டெசிபல் என்ற ஒரே அளவு. மேடைக்கு அது பெரிய உதவி, அடுக்குமாடி வீட்டுக்குப் போதாது. அதன் அண்ணன் கேப்டர் எக்ஸில் 38 டெசிபல் வரை இறங்கலாம், விலையும் அதற்கேற்ப ஏறும். வாங்கும் முன் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்: அதிகபட்சம் எத்தனை டெசிபல் இறக்கும், எத்தனை படிகளில் இறக்கும். வீட்டுக்கு 25-லிருந்து 30 வரை வேண்டும். படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மதியம் 3 மணிக்கும் இரவு 8 மணிக்கும் தேவை வேறு.

இன்னும் இரண்டு எண்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று ஓம், அதாவது மின்தடையின் அளவு. ஆம்பின் பின்பக்கம் 8 ஓம் என்றால் பெட்டியும் 8 ஓம். சில பெட்டிகள் ஒரே ஓமுக்குத்தான் வரும், சிலவற்றில் 4, 8, 16 என்று மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று வாட். ஆம்பின் வாட்டைப் போல இரண்டு மடங்காவது பெட்டி தாங்க வேண்டும், ஏனென்றால் 15 வாட் என்று எழுதியிருக்கும் ஆம்பைத் திணற வைத்தால் அது 15-ல் நிற்காது. நாற்பது நிமிடம் வாசித்துவிட்டு என் பெட்டியின் மேல்தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடான காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை வெறும் கையால் பிடித்த மாதிரி இருந்தது. இது 15 வாட்டுக்கு. 50 வாட் ஆம்ப் வைத்திருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஆம்புக்குள்ளே, வால்வுகளுக்கு அருகில் திணிக்க வேண்டாம். மேலே துணி கிணி போட வேண்டாம்.

ஒயர் விஷயத்தில் என் நண்பன் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். அட்டென்யுவேட்டரை ஆசையாக வாங்கி வந்தவன், ஆம்புக்கும் பெட்டிக்கும் நடுவில் கித்தார் ஒயரைச் செருகிவிட்டான். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் யாருக்கும் நேரக்கூடிய தவறு. கித்தார் ஒயரின் உள்கம்பி மெல்லியது, அந்த மின்னோட்டத்துக்கானது அல்ல. பத்து நிமிடத்தில் சத்தம் நின்றது, அவன் இன்னும் கொஞ்சம் வால்யூமை ஏற்றிப் பார்த்திருக்கிறான். லோட் இல்லாமல் ஓடும் வால்வு ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறிவிடும். டிரான்ஸ்பார்மர் போயிற்று. அதை மாற்றிய செலவு அட்டென்யுவேட்டர் விலையைத் தாண்டியது. தடித்த ஸ்பீக்கர் ஒயர் ஒன்று சேர்த்து வாங்குங்கள். எல்லாம் மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். ப்ளூஸ் ஜூனியர் மாதிரி ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும் ஆம்ப் என்றால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒயரை ஆம்பிலிருந்து பிடுங்கிப் பெட்டியின் வெளியீட்டில் மாட்ட வேண்டும். அந்த ஒயர் குட்டையானது, அதை நீட்டவும் ஒரு வழி தேவைப்படும். முதல் நாளே நான் மாட்டிக்கொண்டு முழித்தது இதில்தான்.

அப்புறம், எல்லோரும் சண்டை போடும் விஷயம்: வெறும் ரெசிஸ்டர் பெட்டியா, ரியாக்டிவ் பெட்டியா? ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருப்பது பேருக்குத்தான். 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் அது பல மடங்கு எகிறும், உச்ச சுரங்களிலும் ஏறிக்கொண்டே போகும். வால்வு ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்துதான் பாடுகிறது. ரெசிஸ்டர் எந்தச் சுரத்துக்கும் ஒரே 8 ஓம் காட்டும், அதனால் சத்தம் கொஞ்சம் தட்டையாகும். ரியாக்டிவ் பெட்டி அந்த மேடுபள்ளத்தைச் சுருள்கள் வைத்துச் செய்து காட்டும். வெபர் நிறுவனத்தின் மினி மாஸ் பெட்டியில் காகிதக் கூம்பு இல்லாத ஸ்பீக்கர் மோட்டாரே (கூம்பை அசைக்கும் காந்தமும் சுருளும்) உள்ளே இருக்கிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் "மலிவான பெட்டி டோனை விழுங்கிடுது" என்ற புகாரில் பாதி நம் காதின் வேலை என்பது என் உறுதியான கருத்து. சத்தம் குறையக் குறைய காது அடித்தொனியைக் கூடுதலாக இழக்கும், உச்சத்தையும் ஓரளவு இழக்கும். பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

நானே சோதித்துப் பார்த்தேன். ஊருக்குப் போயிருந்த நண்பனின் தனி வீட்டில் ஆம்பை வைத்து, ஸ்பீக்கருக்கு நாலு விரல் தள்ளி ஒரு மைக். ஒரே வாசிப்பை முதலில் பெட்டி இல்லாமல் முழுச் சத்தத்தில், பிறகு பெட்டி வைத்து அடக்கி. இரண்டு பதிவையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஹெட்போனில் கேட்டேன். வித்தியாசம் இருந்தது; அடக்கிய பதிவில் மேல்முனை கொஞ்சம் மங்கல். ஆனால் அறையில் நின்று கேட்டபோது தோன்றிய அளவில் பாதிகூட இல்லை. ட்ரெபிளை ஒன்றரைப் புள்ளி ஏற்றினேன், மிச்சமும் சரியாயிற்று. அதனால் கையில் பணம் குறைவு என்றால், ரியாக்டிவ் என்ற சொல்லுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் படிகளுக்கும் தாங்கும் வாட்டுக்கும் கொடுங்கள் என்பேன். வசதி இருந்தால் இரண்டையும் வாங்குங்கள், மகிழ்ச்சி.

கடையில் கிடைப்பதில் பூகேரா பி.எஸ்.1 நெடுநாளாக மலிவான பெயர். 100 வாட் தாங்கும், 4, 8, 16 ஓம் மாற்றிக்கொள்ளலாம். நான் வாங்கவில்லை. என்னுடையது சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பிறந்தது. எலெக்ட்ரானிக்ஸில் கைதேர்ந்த நண்பர் ஒருவரோடு போய், அலுமினியக் கவசம் போட்ட 50 வாட், 100 வாட் ரெசிஸ்டர்களையும் தடித்த சுவிட்சுகளையும் வாங்கினோம். தடித்த அலுமினியத் தகட்டில் எல்லாவற்றையும் திருகி, மேலே நிறையத் துளைகள் போட்டு அவர் கட்டிக் கொடுத்தார். மூன்று சுவிட்ச்: 4, 8, 16 டெசிபல். மூன்றையும் போட்டால் 28. அனுபவம் உள்ளவர் கூட இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஆம்பின் உட்புறத்தை யாரும் திறக்கவே வேண்டாம், அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் காத்திருக்கும். எல்-பேட் என்ற, ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கும் குமிழை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். மணிக்கணக்கில் திணற வைத்து வாசித்தால் அதன் உள்தொடுப்பு கருகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு, கருகினால் மறுபடியும் லோட் இல்லாத ஆம்ப்தான்.

ட்ரான்சிஸ்டர் ஆம்போ பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா மாதிரியோ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை. கட்டானாவில் அரை வாட் சுவிட்ச் கூடவே வருகிறது. வால்வு ஆம்ப்காரர்களுக்கும் ஒன்று: பெட்டி சத்தத்தைத்தான் அடக்கும், வால்வுகள் முழுத் திணறலில்தான் இருக்கும். வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேயும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

பெட்டி வந்த அன்று கீழ்வீட்டு அக்காவிடம் அனுமதி கேட்டு, என் மனைவி போனோடு அவர் வீட்டுக் கூடத்தில் போய் நின்றாள். மேலே நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். 4 டெசிபலில் "அப்படியே இருக்கு". 12-ல் "பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி". 20-ல் "கேக்குது, ஆனா பரவால்ல". 28-ல் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அக்காவின் குரல்: "ஃபேனை நிறுத்தினா லேசா கேக்குது தம்பி." ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து, கீழே தடித்த ஃபோம் போட்டு ஸ்டூலில் வைத்ததும் அதுவும் போயிற்று. இப்போது மதியம் குழந்தை தூங்கும் நேரத்தில் 28, மாலையில் 20, இரவு 8 மணிக்கு மேல் ஆம்பைத் தொடுவதில்லை.

யாராவது வாங்கும் யோசனையில் இருந்தால் ஆம்பின் பெயர், பின்பக்கம் எழுதியிருக்கும் ஓம், ஸ்பீக்கர் என்ன, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், இந்த நாலையும் கமெண்டில் போடுங்கள். எத்தனை டெசிபல் வேண்டியிருக்கும் என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.