தள்ளிப் போடுங்கள், முன்னால் இழுக்காதீர்கள்

மூன்று நாள் மாநாடு என்றால் நிகழ்ச்சி நிரல் மாறத்தான் செய்யும். விமானம் ரத்தாகும், விசா வராது, பேச்சாளர் காய்ச்சலில் படுத்துவிடுவார். இதற்கெல்லாம் அமைப்பாளர்களைத் திட்டுகிற ஆள் நான் இல்லை.

என் கோபம் வேறு. ஒருவர் வரவில்லை என்றதும் அமர்வுத் தலைவர் மைக்கைப் பிடித்து, "நேரம் மிச்சம்தானே, அடுத்தவரை இப்பவே கூப்பிட்டுடலாம்" என்கிறாரே, அதுதான். அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் நாலைந்து அரங்குகளில் அமர்வு ஓடும்போது பலர் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. 11.20க்கு இங்கே, 11.40க்கு அங்கே என்று குறித்துவைத்து ஓடுகிறவர்கள். பக்கத்து அரங்கில் கேள்வி நேரத்தை விட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து கதவைத் திறந்தால் திரையில் 'நன்றி' ஸ்லைடு! பேசியவருக்கும் நஷ்டம்தான். அவரைக் கேட்கவென்றே வந்தவர்கள் அப்போதுதான் உள்ளே நுழைகிறார்கள். தாமதமானால் காத்திருந்தாவது கேட்கலாம், முடிந்துபோனதை என்ன செய்ய? காலியான இருபது நிமிடத்தைக் காலியாகவே விடுங்கள். முந்தைய உரைக்குக் கூடுதலாக நாலு கேள்வி எடுங்கள், இல்லையென்றால் காலாற நடக்க விடுங்கள்.

இன்னொன்று, தாமதத்தின் சுமை எப்போதும் இளையவர்கள் தலையில்தான் விழுகிறது. முதன்மை உரை அரைமணி நேரம் இழுத்தாலும் மணியடிக்க யாருக்கும் துணிவு வராது. அதற்குப் பிறகு வரும் ஆய்வு மாணவரிடம் "பதினைந்து வேண்டாம், எட்டு நிமிஷத்தில் முடிச்சிடுங்க" என்பார்கள். இரண்டாம் நாள் காலையில் இருந்த அவர் உரை திடீரென்று மூன்றாம் நாள் மாலைக்குப் போகும். ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

மாற்றத்தைச் சொல்கிற லட்சணம் தனி. செயலியில் ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் ஒன்று, கதவில் ஒட்டிய தாளில் இன்னொன்று. நிகழ்வுகளை நேராக ஃபோன், கணினி காலண்டரில் ஏற்றுகிற கோப்புகளுக்கான ஐகேலண்டர் என்ற பொதுத் தரநிலை 1998லேயே வந்துவிட்டது. ஒரு நிகழ்வு எத்தனையாவது முறையாகத் திருத்தப்படுகிறது என்று எண் போடக்கூட அதில் வழியுண்டு. நமக்கு வருவதோ 'இறுதி_புதியது_2' என்ற பிடிஎஃப். சரி, பிடிஎஃப்தான் என்றாலும் எது மாறியது, எத்தனை மணிக்கு மாற்றினோம் என்று மேலே ஒரு வரி போட என்ன கஷ்டம்? இணையவழியில் சேருகிறவர்களுக்காக எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அலாரம் வைத்து நடுராத்திரி எழுந்து உட்காருகிறவர் கண்ணுக்குக் கதவில் ஒட்டிய தாள் தெரியாது.