ஓடாத வீடியோவை அழித்துவிடாதீர்கள்

போன வாரம் அம்மா அழாத குறையாகப் போன் செய்தார். அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. நாதஸ்வரம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது. பக்கத்துக் கடையில் காட்டியிருக்கிறார். “ஃபைல் கரப்ட் ஆயிடுச்சும்மா, அழிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அந்த ஃபைலுக்கு ஒரு குறையும் இல்லை.

நம் வீடுகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி இருக்கும், பிஸ்கட் டின்னில் ஊசி நூல் இருக்கும். வீடியோ ஃபைலும் அப்படித்தான். எம்பி4, எம்கேவி, மூவ் என்று பெயருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் பாட்டில். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். மூவ் என்பதை எம்பி4 என்று பெயர் மாற்றிப் பார்க்கச் சொல்லி மாமா யோசனை சொன்னார். பாட்டிலில் வேறு சீட்டு ஒட்டினால் புளி ஹார்லிக்ஸ் ஆகிவிடாதே!

வீடியோ எடுத்தது தம்பியின் ஐபோன். 2017-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் 7-உம் அதற்குப் பிந்தையவையும் வழக்கமாக ஹெச்.265 என்ற கோடெக் முறையில்தான் பதிவு செய்கின்றன. ஹெச்இவிசி என்பதும் இதுவே. 2003-இல் வந்த பழைய கோடெக்கான ஹெச்.264-ஐ விட இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் இதற்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அதனால் விண்டோஸ் 10-இல் இது எல்லோருக்கும் சேர்ந்தே வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 0.99 டாலருக்குத் தனியாக விற்கிறார்கள். கட்டணத் தகராறில் அகப்பட்டுக்கொள்வது கடைசியில் அறுபதாம் கல்யாண வீடியோ பார்க்க உட்காரும் ஓர் அம்மாதான். கட்டணமில்லாத ஏவி1 என்ற கோடெக் 2018-இல் வந்ததை நான் மனதார வரவேற்கிறேன்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. படம் வரவில்லை என்றதும் “கோடெக் டவுன்லோட்” என்று தேடி, முதலில் கண்ணில் படும் பட்டனை அழுத்துவது. கோடெக் என்ற வேடத்தில் வைரஸ் வருவது புதிதல்ல. 2000-களின் நடுவிலேயே ஸ்லாப் என்ற ட்ரோஜன் (நல்ல மென்பொருள் போல நடித்து உள்ளே நுழைவது) அப்படித்தான் பரவியது. தயவுசெய்து கண்ட தளத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயர் ஒன்று போதும், அதுவும் அதை உருவாக்கும் வீடியோலேன் தளத்திலிருந்தே. பாரிஸில் 1996-இல் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. இன்றும் இலவசம், விளம்பரம் கிடையாது. தேவையான கோடெக்குகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 2022-இல் இந்தியாவில் அந்தத் தளம் பல மாதம் முடங்கிக் கிடந்து, நவம்பரில்தான் தடை நீங்கியது. இப்போது திறக்கிறது.

அம்மாவிடம் போனிலேயே சொல்லி விஎல்சி போட வைத்தேன். படம் வந்துவிட்டது! ஆனால் திக்கித் திக்கி ஓடியது. அது இன்டெல் 4-ஆம் தலைமுறைக் கம்ப்யூட்டர், வீடியோவோ 4கே. சுருக்கி வைத்த ஹெச்.265 படத்தை விரிக்கச் சிப்பிலேயே ஒரு தனிப் பகுதி முழுமையாக வந்தது 6-ஆம் தலைமுறையில்தான். பழையதில் அந்தச் சுமை மொத்தமும் பிராசசர் தலையில் விழும். (புதிய கம்ப்யூட்டரில் படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ வந்தால், விஎல்சி அமைப்பில், அந்தத் தனிப் பகுதியைப் பயன்படுத்தும் ஹார்டுவேர் டீகோடிங்கை அணைத்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.)

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். மூல ஃபைலை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், 4கே-ஐவிடச் சிறிய 1080 அளவில் ஹெச்.264-ஆக மாற்றப் போட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் காபியோடு உட்கார்ந்த அம்மா, அப்பா மாலை மாற்றும் இடத்தை மூன்று முறை திரும்ப வைக்கச் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் ஓடாத வீடியோ இருந்தால் விஎல்சியில் திறந்து கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் என்ற வரியில் இருப்பதைக் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அழிக்க மட்டும் வேண்டாம்.