ஆருட்டயும் போற புள்ள

எங்கட நேசரிக்கு போன வருசம் ஒரு பொடியன் வந்தான், மூன்டரை வயசு. முதல்நாள் மத்தப் புள்ளையள் எல்லாம் கேற்றைப் புடிச்சிக்கொண்டு ஊரைக் கூட்டி அழுகுதுகள், இவன் மட்டும் என்ட கையைப் புடிச்சிக்கொண்டு உள்ள வந்து இருந்திட்டான், கொண்டு வந்து உட்ட மாமியைத் திரும்பியும் பாக்கல்ல. அன்டைக்கு கரண்ட் பில் எழுத வந்த ஆள்ட மடியிலயும் ஏறி இருந்தான். "என்ன நல்ல புள்ளகா, ஆருட்டயும் போறான், சோலியே இல்ல" என்டு எல்லாரும் சொன்னாங்க. உண்மையச் சொன்னா எனக்கும் சந்தோசம்தான், அழுற கணக்குல ஒன்டு குறைஞ்சிதே.

தாய் குவைத்துல. இவனை நித்திரையில போட்டுட்டு விடியப்புறம் வேன்ல ஏறினவ. அதுக்குப் பிறகு கொஞ்சநாள் அம்மம்மா, அவக்கு வருத்தம் வர மட்டக்களப்பு செங்கலடியில பெரியம்மா, பிறகு மாமி. இவனுக்கு மூன்டு வயசுக்குள்ள நாலு ஊடு.

இப்பிடிப் பிரிஞ்சா உடம்புக்குள்ள என்ன நடக்கும் என்டு தேடி வாசிச்சன். பயந்தா, பதறினா கிட்னிக்கு மேல இருக்கிற சுரப்பி கோர்ட்டிசோல் என்ட ஹோர்மோனை ஊத்தும், பயம் போனா மூளை போதும் என்டு பிரேக் போடும். எலிக்குஞ்சுகளை தினம் 3 மணித்தியாலம் தாயிட்ட இருந்து பிரிச்சி வச்சா, வளந்த பிறகு அதுகளுக்கு அந்த பிரேக் ஒழுங்காப் புடிக்கிறல்ல, சின்னச் சத்தத்துக்கும் ஹோர்மோன் எகிறும். ஆனா 15 நிமிசம் மட்டும் எடுத்துட்டுத் திருப்பி உட்டா தாய் ஓடி வந்து இன்னும் கூட நக்கும், அந்தக் குஞ்சுகள் பிறகு அமைதியா வளரும். அப்ப பிரிவை மட்டும் பாத்தாக் காணாது, பிறகு என்ன கிடைச்சிது என்டும் பாக்கணும். கனடா மக்கில் பல்கலைக்கழகத்துல மைக்கல் மீனி என்ட விஞ்ஞானிட ஆக்கள் இன்னொன்டும் செய்தாங்க, நக்காத தாயிட குஞ்சை நல்லா நக்கிற தாயிட்ட மாத்திக் குடுத்தாங்க, அது வளத்த தாயைப் போலதான் வந்திச்சி.

மனுசப் புள்ளையள்ட கதை ருமேனியாவுல இருந்து. 2000 ஆண்டளவில அங்க அநாதை இல்லத்துப் புள்ளையள் 136 பேர்ல பாதியைச் சீட்டுப் போட்டு வளப்புக் குடும்பங்களுக்குக் குடுத்தாங்க. 12 வயசுல பாத்தா, இல்லத்துலயே இருந்ததுகளுக்கு ஆக்களுக்கு முன்னால பேசச் சொன்னாலும் கோர்ட்டிசோல் பெரிசா ஏறல்ல, எலியைப் போல எகிறாம மாறி மழுங்கிப் போயிருந்திச்சி. 2 வயசுக்கு முன்னாலயே குடும்பத்துக்குப் போனதுகள் இல்லத்துக்கே போகாத புள்ளையளைப் போலதான் இருந்திச்சி. இல்லத்துப் புள்ளையள் கனபேர்ட்ட பாத்த இன்னொரு பழக்கம், முன்னப்பின்ன தெரியாத ஆளோடயும் கையைப் புடிச்சிக்கொண்டு போறது. இதை வாசிச்ச அன்டைக்கு எனக்கு நித்திரை வரல்ல. எங்கட பொடியனுக்கு அதான் என்டு முத்திரை குத்த நான் டொக்டர் இல்ல, ஆனா சோலியில்லாத புள்ள என்டு சொல்றதை அன்டையோட உட்டுட்டன்.

இதை வாசிச்சிட்டு "பாத்தியா, புள்ளைய உட்டுட்டுப் போனவளாலதான்" என்டு கமென்ட் போட வாற ஆக்கள் கொஞ்சம் நில்லுங்க. மைக்ரோ பைனான்ஸ் கடன் கட்டினதும், தகரக் கொட்டிலைக் கல்லூடாக்கினதும் அவள்ட காசுதான். 2013ல இலங்கை அரசாங்கம் அஞ்சு வயசுக்குக் கீழ புள்ள இருந்தா வெளிநாட்டு வேலைக்குப் போகேலா, குடும்பப் பின்னணி அறிக்கை வேணும் என்டு கொண்டு வந்தாங்க, அதுவும் பொம்புளையளுக்கு மட்டும்தான். கட்டாருக்குப் போற தகப்பனை ஆரும் கேக்கல்ல!

நம்மட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்புள்ளதானே பொண்ணூட்டுக்கு வாற, குடி என்ட வம்சமும் தாய் வழிதான். ஒரே வளவுக்குள்ள அக்கா தங்கச்சிமார் மூன்டு ஊடு, அம்மா வயலுக்குப் போனாலும் சின்னம்மாட இடுப்புல புள்ள இருக்கும். அந்த வளவெல்லாம் இப்ப துண்டு துண்டாப் போயிட்டு, அக்கா சவூதியில, தங்கச்சி ஜோர்தான்ல. போறவளைத் தடுக்க நம்மளால ஏலாது, ஆனா புள்ளையைப் பந்து மாதிரி ஊடு ஊடா உருட்டாம ஒரே ஆளிட்ட நிலையா உட ஏலும். கள்ளமாப் போகாம சொல்லிப்போட்டுப் போக ஏலும், அழுதாலும் பரவாயில்ல. இமோ வீடியோ கோல்ல முகம் காட்டுறது நல்லதுதான், ஆனா போன் புள்ளையைத் தூக்காது.

இவன்ட சின்னம்மா வெளிநாட்டால வந்து இப்ப எட்டு மாசமா அவதான் வச்சிருக்கா. போன கிழமை கேற்றுல உட்டுட்டுத் திரும்பினா, புள்ள குழறின குழறல், என்ட சாரியையும் இழுத்துக் கிழிச்சிட்டான். மத்த டீச்சர் "இவனும் பழுதாப் பெயித்தான்" என்டா. நான் ஒன்டும் சொல்லல்ல, தூக்கி வச்சிக்கொண்டு "சின்னம்மா 12 மணிக்கு வருவா மனே" என்டன். அவ பதினொன்டரைக்கே வந்து கேற்றடியில நிக்கிறா.