புது வீட்டுக்கு எதுக்குப்பா இன்ஸ்பெக்‌ஷன்?

சாவி வாங்கும் முன் ஆள் வைத்து வீட்டைச் சோதித்துப் பார்க்கிற பேச்சு வந்தாலே இந்தக் கேள்விதான். இதை என்னிடம் கேட்ட ஒவ்வொருவரையும் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி என் வீட்டுப் படுக்கையறையில் படுக்க வைக்க வேண்டும். முதல் ஆளாக என் மாமாவை. "பழைய வீடுன்னா நாலு பேரைக் கூட்டிட்டுப் போய்ப் பார்க்கலாம். புது வீட்டுக்கு எதுக்குப்பா? பிறந்த குழந்தைக்கு பைபாஸ் பண்ணச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டி, விரலால் சுண்டி, கடைக்காரர் முறைக்கிற வரை தட்டிப் பார்க்கிற ஜனம் நாம். நுனியை ஒடிக்காமல் ஒரு வெண்டைக்காயைக் கூடையில் போடுவதில்லை. 72 லட்ச ரூபாய் ஃப்ளாட்டை மட்டும் மாடல் வீட்டு சோபாவைப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

நான் ஒன்றையும் சரிபார்க்காமல் வாங்கவில்லை. வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கினேன். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று எடுத்தேன். அந்த மனை யார் கை மாறி யார் கைக்கு வந்தது என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வேன். வங்கியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து போனார். "பேங்க்காரனே பார்த்துட்டான், அப்புறம் என்ன" என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அவர் வந்தது, கொடுக்கப்போகிற கடனுக்கு அந்த இடம் பெறுமா என்று மதிப்புப் போட. பாத்ரூம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அவருடைய வேலையே இல்லை. பத்திரத்தில் ஒரு வில்லங்கமும் இல்லை. அத்தனையும் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் அடியில் இருந்தது.

பாத்ரூம் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். குளித்தால் தண்ணீர், அது வெளியேற வேண்டிய ஓட்டை மூடியான ஜாலி பக்கம் போகாது. கதவு மூலையில் குளமாக நிற்கும். தரையின் வாட்டம், அதாவது சரிவு, தலைகீழ். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றியிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் சாவி வாங்கிய அன்று அந்த வீட்டில் தண்ணீர் இணைப்பே கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கீழ் வீட்டு அக்கா மாடியேறி வந்து போனை நீட்டினார். "தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்ல சொட்டுது, பாருங்க."

பில்டர் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். சுற்றிலும் பார்த்தார். கீசரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இதை மாட்ட டிரில் பண்ணீங்கல்ல சார்? அப்பதான் வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்கும்." ஏழடி உயரத்தில் போட்ட ஓட்டைக்குத் தரை எப்படி ஒழுகும் என்று கேட்டேன். "அது அப்படித்தான் சார்."

விஷயமே இங்கேதான் இருக்கிறது. சாவி கைக்கு வருகிற வரை எந்தக் குறையும் அவர்கள் தலையில். வந்த மறுநாளிலிருந்து எல்லாம் நீங்கள் செய்த கோளாறு. சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. சரி, குறை முதலிலிருந்தே இருந்தது என்பதற்கு உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது? என் கையில் இருந்தது ஒன்றுதான்: "வீட்டை முழுமையாகப் பார்வையிட்டு, திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று நானே போட்டுக்கொடுத்த கையெழுத்து. இதற்கும் கீழே ஒரு நிலைமை உண்டு. மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ ரெரா பதிவே தேவையில்லை. சென்னையில் மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் ஒரு கிரவுண்டு, ரெண்டு கிரவுண்டில் எழும்புகிற சின்ன அபார்ட்மெண்ட்கள் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பீர்கள். வைகாசியில் தருகிறேன் என்ற வீடு ஆனியைத் தாண்டியது. ஆடியில் பால் காய்ச்ச முடியாது. ஆவணியில் நாள் குறித்து, பத்திரிகை அடித்து, ஐயருக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. வாடகை ஒரு பக்கம், இ.எம்.ஐ. ஒரு பக்கம். முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னால் சாவியையும் ஃபாரத்தையும் சேர்த்து நீட்டுகிறார்கள். நம்முடைய பஞ்சாங்கம் நம்மைவிட பில்டருக்கு நன்றாகத் தெரியும். ஆவணி வெயிலில் எந்தச் சுவர் ஒழுகும்?

போன மாதம் என் மச்சான் வீடு வாங்கினான். நான் சண்டை போட்டு, சதுர அடிக்குப் பத்து ரூபாய் கணக்கில் ஆள் அமர்த்த வைத்தேன். ரெண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் சின்னக் கட்டை. ஹாலில் டைல் டைலாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக், டொப். டொப் என்ற இடத்தில் எல்லாம் நீல டேப் ஒட்டினார். அடியில் சாந்து பிடிக்காத டைல்கள். ஹாலில் மட்டும் பதினான்கு. ஜன்னலுக்குக் கீழே ஈரம் பார்க்கிற மீட்டரை வைத்தால் கீ கீ என்று கத்தியது. சமையலறையில் ரெண்டு பிளக் பாயிண்டுக்கு எர்த் இல்லை. ஷாக் அடித்தால் கரண்டை வெட்ட வேண்டிய ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டனை அமுக்கினார். அது பாட்டுக்கு இருந்தது. பாத்ரூம் ஜாலியை அடைத்துத் தண்ணீர் கட்டிவிட்டு, மறுநாள் கீழ் வீட்டு சீலிங்கைப் போய்ப் பார்த்தார்கள்.

கூட நின்ற சைட் இன்ஜினியர், "எங்க க்யூ.சி. டீம், தரம் பார்க்குற ஆளுங்க, ஏற்கெனவே பார்த்தாச்சு சார்" என்று அஞ்சு தடவை சொன்னார். நீல டேப் கூடக் கூட அவர் குரல் குறைந்துகொண்டே போனது.

இவர்களும் கடவுள் இல்லை. கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்கிற, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி. விட்டார்களா என்று முடிந்த வீட்டில் எந்த மீட்டரும் சொல்லாது. பில்டரே "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்று இன்ஸ்பெக்டரைக் காட்டினால் ஓடிவந்துவிடுங்கள். ஆனாலும் ஒரு மாதத் தவணையில் கால் பங்குகூட ஆகாத செலவுக்கு, சாவி வாங்கும் முன்பே போட்டோவோடு ஒரு ரிப்போர்ட் கையில் இருக்கிறது. மச்சானுக்குப் பதினான்கு டைலையும் பெயர்த்து மாற்றிக்கொடுத்தார்கள்.

எனக்கு? படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் அப்பளம்போல் உப்பியிருக்கிறது என்று ஐப்பசியில் வீடியோ அனுப்பினேன். "மழையில ஒண்ணும் பண்ண முடியாது சார், விடட்டும், பார்க்கலாம்" என்றார்கள். தை பிறந்ததும் போன் போட்டேன்.

"இப்ப ஒழுகலையே சார்?"