தீர்ப்பு சொல்லும் ஸ்டுடியோ

எவனாவது ஒரு யூடியூப் சேனல்காரன் புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு நடுவில் மைக்கை நீட்டினால் போதும், "எல்லாம் 'சொல்வதெல்லாம் உண்மை' ஆரம்பிச்சு வச்சது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஜீ தமிழில் வந்த அந்தக் குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சி மேல் எனக்கும் கோபம் நிறைய உண்டு. ஆனாலும் மொத்தப் பழியையும் அதன் தலையில் கட்ட மனசு வரவில்லை. அதற்கு முன்பே விஜய் டிவியில் நடிகை லட்சுமி நடத்திய 'கதையல்ல நிஜம்' இருந்தது. இன்னும் பின்னால் வேர் தேடிப் போனால், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரத்தில் போய் நிற்போம்.

1967 நவம்பரில் அங்கே ஓர் உள்ளூர் சேனலில் ஃபில் டொனாஹ்யூ பகல்நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். முதல் விருந்தாளி யார் தெரியுமா? அரசுப் பள்ளிகளில் மதப் பிரார்த்தனை கூடாது என்று வழக்காடிய நாத்திகர் மேடலின் மர்ரி ஓஹேர். பெண்களுக்கென்றால் சமையலும் அழகுக் குறிப்பும் போதும் என்றிருந்த காலத்தில் இது. டொனாஹ்யூ மைக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார், உட்கார்ந்திருந்த இல்லத்தரசிகளைக் கேள்வி கேட்க விட்டார். நம்ம விசுவின் 'அரட்டை அரங்கம்' கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். சாதாரண மனுஷன் கையில் மைக் போவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

சரக்கு கெட ஆரம்பித்தது எண்பதுகளின் பிற்பாதியில். 1986இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் பேச்சு நிகழ்ச்சி நாடு முழுக்கத் தெரிய ஆரம்பித்ததும் பகல்நேரத்துக்கு ஏகப்பட்ட போட்டி. நடிகர் சம்பளம் கிடையாது, வசனகர்த்தா கிடையாது, ஒரே செட். தயாரிப்பாளருக்கு இதைவிட மலிவான வியாபாரம் இருக்குமா? 1988இல் இன்னொரு தொகுப்பாளரான ஜெரால்டோ ரிவேராவின் மேடையில் நடந்த அடிதடியில் பறந்த நாற்காலி அவர் மூக்கையே உடைத்தது. அதையும் ஒளிபரப்பினார்கள்! ஜெர்ரி ஸ்பிரிங்கர் ஒரு காலத்தில் சின்சினாட்டியின் மேயர். 1991இல் ஓரளவு மரியாதையாகத்தான் நிகழ்ச்சியைத் தொடங்கினார். வந்தவர்கள் மேடையில் முடியைப் பிடித்து உருள ஆரம்பித்த பிறகு, 1998 வாக்கில் ஓப்ராவையே ரேட்டிங்கில் முந்தினார்.

இந்த வகையறாவுக்கு இலக்கணம் கேட்டால், கண்ணீர், கூச்சல், கள்ளக்காதல் என்று அடுக்குவார்கள். என் கணக்கு வேறு. மேடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மட்டும் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாது. தயாரிப்பாளருக்குத் தெரியும், தொகுப்பாளருக்குத் தெரியும், திரைக்குப் பின்னால் நிற்பவருக்கும் தெரியும். தெரியாத அந்த ஒருவரின் முகத்துக்குத்தான் குளோசப். 1995இல் ஜென்னி ஜோன்ஸ் நிகழ்ச்சியில் 'உங்களை ரகசியமாக நேசிப்பவர்' என்று ஓர் ஆணை இன்னொரு ஆண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். படப்பிடிப்பு முடிந்த மூன்றாம் நாள், நேசித்தவரை மற்றவர் சுட்டுக் கொன்றார். அந்த எபிசோடு ஒளிபரப்பாகவில்லை. 2.5 கோடி டாலர் நஷ்டஈடு தரச் சொல்லி வந்த தீர்ப்பும் மேல்முறையீட்டில் அடிபட்டுப் போனது. பிரிட்டனில் ஜெர்மி கைல் நிகழ்ச்சியை 2019இல் இழுத்து மூடியதும் பங்கேற்ற ஒருவர் இறந்த பிறகுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஸ்பிரிங்கர் தன் நிகழ்ச்சியை நியாய சபை என்று விற்கவில்லை. கூத்து என்று தெரிந்துதான் ஜனம் பார்த்தது. இங்கே அதே சரக்குக்கு 'தீர்வு' என்று லேபிள் ஒட்டினார்கள். 'சொல்வதெல்லாம் உண்மை'யில் முதலில் நிர்மலா பெரியசாமி, அப்புறம் லட்சுமி ராமகிருஷ்ணன். யார் உட்கார்ந்தாலும் அது நாட்டாமை நாற்காலிதான். எதிரே இருப்பவர் பெரும்பாலும் ஏழை, பாதிப் பேருக்கு எதில் கையெழுத்துப் போட்டோம் என்றுகூடத் தெரிந்திருக்காது. டிவிக்குப் போனால் போலீஸ் பயப்படும், ஓடிப்போன புருஷன் வருவான் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள். 'என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா' என்று ஊரே சிரித்தபோது நானும் அதை மீம்களில் ரசித்தவன்தான், மறைக்க ஒன்றுமில்லை. 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தபோதுதான் விஷயம் கொஞ்சம் சீரியஸாகப் பேசப்பட்டது.

"கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்காகுமே, அவங்க வேற எங்க சார் போவாங்க?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழு பதில் இல்லை. பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நீதிமன்ற வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100க்குக் கூப்பிடலாம் என்பதை எந்த சேனல் ஸ்க்ரோலில் ஓட்டியது? ஆனால் அந்தக் குடும்ப நீதிமன்றங்களுக்கான சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இருவரில் ஒருவர் கேட்டாலே போதும், விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும். அந்தச் சட்டம் வந்த 1984இலேயே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

ஸ்டுடியோவில் அந்தக் கதவு இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் அம்மா மடியில் உட்கார்ந்து முழித்த குழந்தைகள் இப்போது ஸ்கூலும் காலேஜும் போகிறார்கள். அவர்கள் பிறப்பைப் பற்றி அப்பன் சந்தேகப்பட்ட வீடியோ யூடியூபில் அப்படியே கிடக்கிறது, நடுநடுவே விளம்பரத்தோடு. புதிதாக யாரும் இப்படி நிகழ்ச்சி நடத்தக்கூடாது என்று நான் சொன்னால் கேட்கப்போவதில்லை. குறைந்தபட்சம் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் எழுதிக் கேட்டால், ஏன் எதற்கு என்று விசாரிக்காமல் அந்த எபிசோடை அழித்துவிட வேண்டும். அந்த வீடியோவில் இதுவரை வந்த விளம்பரக் காசு எவ்வளவு என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.