நாஸ்டா நேரத்து ஆட்டம்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மாமா மகன் கேட்டான்: "இன்னாக்கா, வூட்ல எல்லாரும் பேஸ்பாலாம், அமெரிக்கா ஆட்டம் பாக்கறீங்களாமே. சீன் போடறீங்களா?" அதற்குள் ரசம் வந்துவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் அந்த 'அமெரிக்கா ஆட்டம்' விஷயம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம்ம வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 3 தங்கம் வாங்கி வந்தார். ஏரியாவே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நம்ம கேரம் காய் அவ்வளவு தூரம் போகலாம், அவங்க பந்து இவ்வளவு தூரம் வரக்கூடாதா? வியாசர்பாடிப் பசங்க ஃபுட்பால் ஆடும்போது யாரும் அதை வெள்ளைக்காரன் ஆட்டம் என்று சொல்வதில்லை. கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, நான் சொல்ல வந்தது அது இல்லை. வீட்டோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால், நம்ம ஆட்கள் தோற்ற அன்றைக்கும் அந்த வீட்டில் சோறு இறங்க வேண்டும். என் கட்சி இவ்வளவுதான். கிரிக்கெட் எங்கள் வீட்டில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் வேண்டும், கையில் 3 விக்கெட். அடுத்த 4 ரன்னில் மூன்றும் போய், 12 ரன்னில் தோற்றோம். ஸ்டேடியமே எழுந்து நின்று பாகிஸ்தான்காரர்களுக்குக் கைதட்டியது என்று இன்றைக்கும் ஊர் பெருமைப்படும். எங்கள் வீட்டில் யாரும் கைதட்டவில்லை. நைனா டிவியை அணைத்தார், சட்டையை மாட்டிக்கொண்டு காசிமேடு பக்கம் போனார், ராத்திரிதான் திரும்பினார். அம்மா வறுத்து வைத்த வஞ்சிரம் தட்டு போட்டு மூடியபடி அப்படியே இருந்தது. எனக்கு அப்போது 12 வயது. யாரோ தோற்றார்கள், நாங்கள் பட்டினி கிடந்தோம்.

அதே நைனாவுக்கு 2023 நவம்பர் 19, அகமதாபாத் ஃபைனல் முடிந்த ராத்திரி மயக்கம் வந்தது. துறைமுகத்தில் முப்பது வருஷம் சுமை இறக்கிய மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊசி போட்ட டாக்டர், "பெரியவர் மேட்ச் பாக்காம இருந்தா நல்லது" என்று சொன்னதுதான் தாமதம், அம்மா மறுநாளே கேபிள்காரரைக் கூப்பிட்டு கிரிக்கெட் வருகிற சேனல்களையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். ஆகவே பேஸ்பால் எங்கள் வீட்டுக்குள் சீன் போட வரவில்லை. பத்தியச் சாப்பாடாகத்தான் வந்தது.

எனக்கு அதற்கு முன்பே அது தொற்றியிருந்தது. மெடிக்கல் பில்லிங் வேலை, நைட் ஷிஃப்ட், ராத்திரி ஒன்பதரையிலிருந்து காலை ஆறரை வரை. அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போட்டு, "இந்த கிளைமை ஏன் தள்ளுபடி செய்தீர்கள்?" என்று மரியாதையாகச் சண்டை போட வேண்டும். 2010இல் ஒருநாள் சியாட்டில் பக்கமிருந்து ஒரு வயதான குரல், கம்ப்யூட்டர் திறக்கிற வரை சும்மா இருக்க முடியாமல், "நேற்று எங்க ஃபெலிக்ஸ் அற்புதமா எறிஞ்சான், எங்க பசங்க ஒரு ரன் எடுத்துக் கொடுக்கலை" என்று புலம்பியது. அந்தப் புலம்பல் எனக்கு அவ்வளவு பழக்கப்பட்ட புலம்பலாக இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ், சியாட்டில் மரினர்ஸ். அந்த வருஷம் அவர் கணக்கில் 13 வெற்றி, 12 தோல்வி. ஆனாலும் அந்த லீகின் சிறந்த பிட்ச்சருக்கான, அதாவது பந்து எறிபவருக்கான, சை யங் விருது அவருக்குத்தான். அவருடைய டீம் அந்த சீசனில் தோற்றது மொத்தம் 101 ஆட்டம். நூற்றியொன்று தடவை தோற்கிற கூட்டத்தில் ஒருவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தான் என்று கூப்பிட்டு விருது கொடுக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் இந்த வழக்கம் கிடையாது.

சியாட்டிலில் சாயங்காலம் 6:40க்கு முதல் பந்து எறிந்தால் தண்டையார்பேட்டையில் மறுநாள் காலை 7:10. ஷிஃப்ட் முடிந்து கேபில் வந்து இறங்கினால் நேரம் சரியாக இருக்கும். அம்மா இட்லித் தட்டை இறக்குவாள். பையன் ஒரு காலில் சாக்ஸோடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருப்பான். என் வீட்டுக்காரர் மணலிக்குக் கிளம்பிக்கொண்டே "பேஸ்பாலோ பேயோ" என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். அவர் கபடி ஆள், விட்டுவிடலாம். நைனா டீ டம்ளரோடு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இன்னிக்கு யாருமா போடறது?" என்பார்.

ஆரம்பத்தில் நான் செய்த தப்பு, கிரிக்கெட்டை வைத்துப் பாடம் எடுத்தது. பிட்ச்சர் என்றால் பௌலர் மாதிரி, கேட்சர் என்றால் கீப்பர் மாதிரி. நைனா பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாமே ஃபுல்டாஸா கீதே. இதைக்கூட அடிக்கத் தெரியலியா?" எனக்குச் சுருக்கென்றது. பந்து எறிகிற இடத்துக்கும் அடிக்கிற இடத்துக்கும் நடுவில் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அரை நொடிகூட ஆகாது. மட்டை தட்டையாக இருக்காது, உலக்கை மாதிரி உருண்டை. உருண்டையால் உருண்டையை அடிக்க வேண்டும், அதுவும் கடைசி நேரத்தில் பந்து கீழே விழும் அல்லது விலகும். பத்து தடவையில் மூன்று தடவை ஒழுங்காக அடித்தவனை நட்சத்திரம் என்கிறார்கள். அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு பெரிய லீகுகளில் கடைசியாக ஒரு முழு சீசனில் பத்துக்கு நாலு என்கிற கணக்கைத் தாண்டியவர் டெட் வில்லியம்ஸ், 1941இல். "பத்துல ஏழு தபா புட்டுக்கினா கூடவா?" என்றார் நைனா. ஆமாம் என்றேன். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அம்மா வந்த வழி வேறு. எங்கள் டீம் லீட் அமெரிக்கா போய் வந்தபோது ஒரு பந்து வாங்கி வந்து கொடுத்தார். அம்மா எம்.சி. ரோடு கடைகளுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, ரவிக்கைக்கு ஹெம்மிங் செய்து கொடுப்பவள். பந்தைக் கையில் வாங்கியதும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், சிவப்பு நூல் போகிற வழியை நகத்தால் தடவிக்கொண்டே போனாள். "மிஷின் இல்ல. கைத்தையல்." கோஸ்டா ரிகாவில் கையால் தைக்கிறார்கள் என்று பிறகு சொன்னேன். அவளுக்கு அது செய்தியே இல்லை, நூலைப் பார்த்தே தெரிந்துவிட்டது. பையன் உட்கார்ந்து தையலை எண்ணினான். இரண்டு தடவை தப்பாகி மூன்றாவது தடவை 108 வந்தது. "108ஆ?" என்று நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா மட்டும், "ஒரு பந்துக்கு இன்னா கூலி தராங்க?" என்று கேட்டாள். இன்றுவரை அந்த வீட்டில் பேஸ்பால் பற்றிக் கேட்கப்பட்ட ஆகச் சிறந்த கேள்வி அதுதான்.

அந்தப் பந்து தரையில் பட்டு லேசாக அழுக்கானாலே மாற்றிவிடுகிறார்கள், ஒரு ஆட்டத்துக்கு டஜன் கணக்கில் பந்து போகிறது என்பது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் புதுப் பந்து வழுக்காமல் இருக்க, ஆட்டத்துக்கு முன்னால் நியூஜெர்சிப் பக்கத்து ஆற்றுச் சேற்றை எடுத்து ஒவ்வொரு பந்திலும் தேய்ப்பார்கள் என்று சொன்னபோது சமாதானம் ஆனாள். "மண்சட்டி பழக்கற மாதிரி." அப்படித்தான். அதைவிட எளிதாக எனக்குச் சொல்ல வரவில்லை.

சாக்ரிஃபைஸ் பன்ட் என்று ஒன்று உண்டு. அடிக்கிறவன் வேண்டுமென்றே பந்தை லேசாகத் தட்டிவிட்டுத் தான் அவுட் ஆவான், ஏற்கெனவே ஒரு பேஸில், அதாவது ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய இடங்களில் ஒன்றில், நிற்கிறவன் அடுத்ததுக்கு முன்னேறுவான். அவன் பேட்டிங் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டார்கள் என்று விளக்கினேன். "பாத்தியா, அதையும் கணக்குல சேர்க்கலை" என்றாள் அம்மா. சேர்க்காதது அவனுக்கு நல்லதுதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கத் தயாராக இல்லை.

ஏப்ரல் 14 எங்கள் தெருவில் அம்பேத்கர் பிறந்தநாள். அமெரிக்காவில் மறுநாள், அதாவது நமக்கு 16ஆம் தேதி காலை, டிவியைப் போட்டால் இரண்டு டீமிலும் எல்லோர் முதுகிலும் 42. தெருவில் நீலத் தோரணம் இன்னும் அவிழ்க்கவில்லை. "இன்னாமா, எல்லாருக்கும் ஒரே நம்பரு?" என்றார் நைனா. 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக இறங்கும் வரை, அறுபது வருஷத்துக்கும் மேலாகப் பெரிய லீக்கில் கறுப்பர் ஒருவரைக்கூட ஆட விடவில்லை என்று சொன்னேன். அவர் போட்ட எண் அது, 1997இல் இருந்து எந்த டீமிலும் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை. சேர்க்கக் கூடாது என்று எங்கேயும் சட்டம் எழுதி வைக்கவில்லை, முதலாளிகள் தங்களுக்குள் பேசாமலே வைத்துக்கொண்ட ஒப்பந்தம் என்றேன். நைனா டம்ளரைக் கீழே வைத்தார். "எழுதியா வெப்பாங்க? எங்க ஊரு டீக்கடைல தனி கிளாஸுன்னு எழுதியா வெச்சிருந்தாங்க?" செய்யூர் பக்கத்து ஊர். பதினேழு வயதில் கிளம்பி வந்தவர், அந்த ஊரைப் பற்றி அவராகப் பேசி நான் கேட்டது ரொம்பக் குறைவு. அன்றைக்கு ஆட்டம் முடிகிற வரை வேறு எதுவும் பேசவில்லை.

நைனா ஸ்கோர் எழுதி வைக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். தினசரி காலண்டரில் அன்றன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ரன் கணக்கை எழுதி, ரேஷன் பில் குத்துகிற கம்பியில் குத்தி வைப்பார். "தாத்தா, அங்க இன்னும் நேத்துதான்" என்று பையன் ஒவ்வொரு நாளும் சண்டை போடுவான். "நான் இன்னிக்குத்தானே பாத்தேன்" என்பார். அந்த 42 நாள் தாளில் ஸ்கோருக்குப் பக்கத்தில் 42 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது.

அந்தக் கம்பிதான் என் வாதத்துக்கு சாட்சி. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும். 2025இல் மரினர்ஸ் 90 ஜெயித்து 72 தோற்று, தங்கள் பிரிவில் முதலிடம். முதலிடம் வந்த டீமே 72 காலை எங்கள் வீட்டில் தோற்றது, 72 காலையும் நாங்கள் இட்லி சாப்பிட்டோம். கோடை கிரிக்கெட் கேம்ப்பில் தொடர்ந்து மூன்று டக் அடித்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பேரனுக்கு, நைனா அந்தக் கம்பியைக் கொண்டுவந்து காட்டினார். "அது வேற தாத்தா" என்று சொல்லிவிட்டு அவன் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று நான் சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது, ஏனென்றால் 2025 தீபாவளிக்கு மறுநாள் ஒன்று நடந்தது. 1977இல் தொடங்கிய டீம், இன்றுவரை உலகத் தொடர் ஃபைனலுக்கு ஒரு தடவைகூடப் போகாத ஒரே டீம் எங்களுடையதுதான். 2001இல் 116 ஆட்டம் ஜெயித்தும் போகவில்லை. இந்தத் தடவை டொரான்டோவோடு ஏழாவது ஆட்டம், ஜெயித்தால் ஃபைனல். நமக்குக் காலை 5:38. தெரு முழுக்க வெடிக் காகிதம். அம்மாகூட எழுந்து வந்து தையல் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வரை 3-1 என்று நாங்கள் முன்னால். இன்னும் எட்டே எட்டு அவுட் எடுத்தால் போதும். பையன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். டொரான்டோவின் ஸ்பிரிங்கர் ஒரு அடி அடித்தார். மூன்று ரன். அப்புறம் எங்களால் ஒன்றும் முடியவில்லை, 4-3.

யாரும் பேசவில்லை. எனக்கு வஞ்சிர மீன் ஞாபகம் வந்தது. அம்மா என்னை முறைத்தபடியே பிரஷர் மிஷினைக் கொண்டுவந்து நைனா கையில் சுற்றினாள். 150. "கிரிக்கெட்டை வுட்டு இத்தப் பாருன்னது நீதானே?" என்றாள் என்னைப் பார்த்து.

நைனா கையை உருவிக்கொண்டு, முந்தின நாள் கறிக்குழம்பு இருக்கிறதா என்று கேட்டார். நாலு இட்லி சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து தாளைக் கிழித்து 3-4 என்று எழுதி, கம்பியில் குத்தினார்.

"அடுத்தது எப்பமா?"

"மார்ச் கடைசில நைனா."

காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். டிசம்பர் வரைதான் இருந்தது. "அண்ணாச்சி கடைல சொல்லி வை. இந்த வருஷம் ரெண்டு காலண்டர் வோணும். ஒண்ணு உங்கம்மா நல்ல நேரம் பாக்கறதுக்கு."