எக்ஸோசோம் வெறும் குப்பை மெஷின் இல்லைங்க

நல்ல கட்டுரை, ஆனா ஈஸ்ட் செல்லுல இருக்குற எக்ஸோசோமை (ஆர்என்ஏவ நுனிலேர்ந்து வெட்டுற புரதக் கூட்டத்த) ‘ஆர்என்ஏவ அழிக்கிற குப்பை மெஷின்’னு சொல்லி முடிச்சிட்டீங்களே, அதுதான் எனக்கு மனசு ஒப்பல. 1997ல டேவிட் டோலர்வே குழு இத ஈஸ்ட்ல கண்டுபிடிச்சதே ரைபோசோம் (செல்லுல புரதம் செய்யுற மெஷின்) ஆர்என்ஏ எப்படி தயாராகுதுன்னு தேடிப் போனதாலதான். அதுல ஒண்ணான 5.8எஸ் ஆர்என்ஏ முதல்ல நீள வாலோடதான் வரும், எக்ஸோசோம் அந்த வால நுனிலேர்ந்து கடிச்சிக்கிட்டே வந்து கரெக்டான இடத்துல நிக்கணும், கடைசியா மிஞ்சுற 30 எழுத்த (ஆர்என்ஏ சங்கிலியோட கண்ணிகள) சீவுறது ஆர்ஆர்பி6ங்கிற புரதம். அந்தப் புரதத்தோட ஜீன எடுத்துட்ட ஈஸ்ட்ட நார்தன் பிளாட்ல (ஆர்என்ஏவ நீளப்படி பிரிச்சு கோடு கோடா காட்டுற சோதனை) பாத்தா 5.8எஸ் பேண்டுக்கு கொஞ்சம் மேல இன்னொரு பேண்ட் தெளிவா நிக்கும், எம்எஸ்சி படிக்கும்போது முதல் தடவ அத பாத்து அப்படியே அசந்து போயிட்டேன், 30 எழுத்து வித்தியாசம் கண்ணுக்கு தெரியுதே!

எம்ஆர்என்ஏ (புரதம் செய்யுறதுக்கான செய்திய சுமக்குற ஆர்என்ஏ) அழியுற கதை வேற. அதோட கடைசில இருக்குற பாலி-ஏ வால் (வரிசையா ஏ எழுத்துங்க) குட்டையாகும், அப்புறம் டிசிபி2ங்கிற புரதம் தலைல இருக்குற தொப்பிய கழட்டும், உடனே எக்ஸ்ஆர்என்1ங்கிற இன்னொரு புரதம் அந்த தலைப்பக்கத்துலேர்ந்து மொத்தமா தின்னுட்டு வந்துரும், ஈஸ்ட்ல பெரும்பாலும் இந்த ரூட்தான், எக்ஸோசோம் ரூட் இல்ல.

அப்புறம் கேன்சர் நியூஸ்ல வர்ற எக்ஸோசோம் இது இல்லைங்க, அது செல் வெளிய விடுற குட்டிப் பை, பேரு மட்டும்தான் ஒண்ணு. கட்டுரைல அதையும் ஒரு வரி சேத்துடுங்க ப்ளீஸ்.